காசநோய் சிகிச்சையும் நம் சங்கங்களின் கடமையும்

வைத்தியம் என்பது வைத்தியர் ஒருவரால் மட்டும் முற்றுப்பெறும் காரியமன்று என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் முழுப்பயன் தரமாட்டா என்பதே அதன் உட்கருத்தென நான் கொள்கிறேன்.

சென்ற நூறாண்டுகளில் இந்நான்கனுள் மருந்து அடைந்த வளர்ச்சி நம் பாட்டனார் கனவிலும் காணாதது. வைத்தியரின் அறிவும் அவர் கையிலுள்ள கருவிகளும் அவ்வாறே வளர்ந்துள்ளன. நோயுற்றவரும் முன்னைப்போல் விதியை நொந்துகொண்டு வீட்டில் முடங்கிக் கிடப்பதில்லை. ஆஸ்பத்திரியை நாடிச் செல்கிறார். ஆனால் நான்காவது கூறாகிய, அருகிலிருந்து பணிபுரிபவரைப் பற்றி மட்டும் நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. பல வீடுகளில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அதனை நிரப்புவதற்கு நம் கூட்டுறவுச் சங்கங்களைவிடத் தகுதியுடைய அமைப்பு வேறில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. இதற்குக் காசநோயை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நெசவாளர் தெருவுக்கும் உழவர் குடிசைக்கும் இது நெடுநாள் பழகிய நோய். மருந்தின் வெற்றியையும் அந்த வெற்றி நின்றுபோகும் இடத்தையும் இதனைப்போல் தெளிவாகக் காட்டும் நோய் வேறொன்றை நான் அறியேன்.

ஓர் அங்கத்தினரின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கத்து அங்கத்தினர் ஒருவர்க்கு இருமல் கண்டது. குழித்தறியில் நெய்பவர், மனைவி தார் சுற்றித் தருவார், இரண்டு பிள்ளைகள். நூல் தூசியால் வந்த இருமல் என்று எண்ணி, மருந்துக்கடையில் பாகு மருந்து வாங்கிக் குடித்து மூன்று மாதங்களைக் கழித்தார். மாலைதோறும் காய்ச்சல் வந்தது. வேட்டி இடுப்பில் நில்லாதவாறு உடல் இளைத்தது. அதன் பின்னரே அரசினர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். சளியைச் சோதித்துக் காசநோய் என்று கூறினார்கள். அன்றே மருந்து கொடுத்தார்கள்; விலையின்றிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் தவறாமல் உண்ணவேண்டும் என்றும் எடுத்துரைத்தார்கள்.

ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்றது. இரண்டாம் மாத முடிவில் பசி வந்தது, இருமல் அடங்கியது. அப்பொழுது தீபாவளிக்கு ஐம்பது நாட்களே இருந்தன. நோயுற்ற காலத்தில் அவர் உருப்படி ஒன்றும் நெய்யவில்லை, கூலியும் இல்லை, மளிகைக் கடையிலும் வெளியிலும் கடன் ஏறியிருந்தது. மாத்திரை வாங்கச் சென்றால் அரை நாள் வேலை போயிற்று. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டல் வேறு. உடம்புதான் தேறிவிட்டதே என்று மருந்தை நிறுத்திவிட்டு, இரவு பகலாகத் தறியில் அமர்ந்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் தந்த சேலைகள் நன்றாக இருந்தன என்று எங்கள் விற்பனைப் பிரிவினர் பாராட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த சித்திரையில் இருமல் இரத்தத்தோடு திரும்பி வந்தது. இம்முறை கிருமிகள் முதன்மையான மருந்துகளுக்கு அடங்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக, ஊசியும் கடுமையான மாத்திரைகளுமாகச் சிகிச்சை நடந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் தறிக்குத் திரும்பும் வலிமை அவர் மார்புக்கு இல்லை. மூத்த பையன் பள்ளியை விட்டுத் தறிக்குழியில் இறங்கினான்.

இதில் வைத்தியர் பிழை யாது? ஒன்றுமில்லை. மருந்தின் பிழை யாது? அதுவுமில்லை. அவர் நெய்யாதிருந்த மாதங்களில் சங்கத்தின் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே 'உருப்படி வரவில்லை' என்று எழுதினோமேயன்றி, ஏன் வரவில்லை என்று கேட்டோமில்லை. அப்போதைய நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். ஆதலின் இக்கட்டுரையைப் பிறர்க்கு உபதேசமாக நான் எழுதவில்லை.

மருந்து வந்த வழி

காசநோய் குலவழி வருவது என்றும், பாவத்தின் பயன் என்றும் உலகெங்கும் மக்கள் நம்பியிருந்த காலம் உண்டு. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இந்நோய் ஒரு கிருமியால் விளைவது என்று நிலைநாட்டினார். நோயின் காரணம் தெரிந்தது. ஆனால் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் வைத்தியர்கள் செய்யக்கூடியதெல்லாம் நோயாளிக்குத் தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவும் அளிப்பதே. அதற்காக ஆரோக்கிய நிலையங்கள் எழுந்தன. 1915இல் மதனப்பள்ளிக்கு அருகிலும், 1928இல் டாக்டர் சௌரிமுத்து அவர்களின் முயற்சியால் தாம்பரத்திலும் அவை தோன்றின. ஈரோட்டை அடுத்த பெருந்துறை ஆரோக்கிய நிலையத்தை நம் கொங்கு நாட்டு நெசவாளர் பலர் அறிவர். பழுதுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தரவேண்டி மார்புக் கூட்டிற்குள் காற்றைச் செலுத்துவதும், விலா எலும்புகளை அறுத்து எடுப்பதும்கூட அந்நாளில் நடந்தன. இத்தனைக்கும் பின்னர் பிழைத்தவர் பலர், பிழையாதவரும் பலர்.

1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். மண்ணை நம்பி வாழும் நம் உழவர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும். 1948இல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியில், இம்மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். ஆனால் அதே ஆராய்ச்சியில் ஓர் எச்சரிக்கையும் வெளிப்பட்டது. ஒரே மருந்தைக் கொடுத்தால், சில மாதங்களில் கிருமிகள் அதற்குப் பழகிப்போய் அதனை எதிர்த்து நிற்கத் தொடங்கின. ஸ்வீடனில் லேமன் கண்ட 'பாஸ்' என்னும் மருந்தும், 1952இல் வந்த ஐசோநியாசிட் என்னும் மருந்தும் சேர்ந்தபின், இரண்டு மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்துக் கிருமியைத் தப்பவிடாமல் அழிக்கும் முறை உண்டாயிற்று. ஒற்றை இழை எளிதில் அறும். முறுக்கிய இழை தாங்கும். நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சென்னை காட்டிய வழி

மருந்து வந்துவிட்டது, ஆனால் அதனை எங்கே வைத்துக் கொடுப்பது என்னும் கேள்வி எழுந்தது. நம் நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். ஆரோக்கிய நிலையங்களில் இருந்த படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்தால் பாதிப் பேர் மாண்டுபோவர். இந்நிலையில் 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் கைகோத்தன. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குவது அம்மையமே.

அங்கு நடந்த முதற் சோதனை எளிமையானது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பகுதியினர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் தரப்பட்டன. நிலையத்தில் இருந்தவர்க்கு நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்க்கு அவை குறைவு. பலர் சிகிச்சையின்போதே உழைக்கவும் வேண்டியிருந்தது. 1959இல் முடிவு வெளியாயிற்று. நிலையத்தில் நோய் அடங்கியவர் நூற்றுக்கு 92. வீட்டில் அடங்கியவர் நூற்றுக்கு 86. வேறுபாடு சிறிதே. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகப் பரவுமோ என்று அஞ்சினர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அந்த அச்சமும் பொய்யாயிற்று. பரவவேண்டிய அளவு நோய் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் குறைகிறது.

உலகம் முழுவதும் ஆரோக்கிய நிலையங்களின் காலம் முடிந்து, நோயாளி தம் வீட்டிலிருந்தே குணமடையும் காலம் பிறப்பதற்கு இச்சோதனை பெருந்துணை புரிந்தது. சென்னையின் ஏழை மக்கள் உலக வைத்தியத்திற்கு அளித்த கொடை இது என்றால் மிகையாகாது. பின்னர் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து வந்து, சிகிச்சைக் காலம் ஓராண்டுக்கு மேற்பட்டதிலிருந்து ஆறு மாதமாகச் சுருங்கிற்று.

நாம் கற்ற பாடமும் கல்லாத பாடமும்

இச்சோதனையிலிருந்து 'வீடே போதும்' என்னும் பாடத்தை எல்லோரும் கற்றோம். அது உண்மையே. ஆயினும் எந்த வீடு போதுமானதாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தோமா? சென்னைச் சோதனையில் வீட்டில் இருந்த நோயாளி தனியே விடப்படவில்லை. வாரந்தோறும் அவர் மையத்திற்கு வந்தார். வாராதபோது மையத்தார் வீடு தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். மருந்து உண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தனர். நூற்றுக்கு 86 என்பது வெறும் மருந்து பெற்ற வெற்றியன்று. மருந்தும் அதனோடு இடைவிடாத கவனிப்பும் சேர்ந்து பெற்ற வெற்றி. நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் முறையை நாம் எடுத்துக்கொண்டோம். வீடு தேடிச் செல்லும் முறையைப் பல இடங்களில் விட்டுவிட்டோம்.

இரண்டாவது தவறு உணவைப் பற்றியது. குறைந்த உணவு உண்டவரும் மருந்தால் குணமடைந்தனர் என்பதைக் கண்டு, உணவு முக்கியமன்று என்று பலர் முடிவு கட்டினர். அது தவறான முடிவு. பட்டினியிலும் மருந்து வேலை செய்யும் என்பது வேறு. பட்டினியால் தீங்கில்லை என்பது வேறு. இதனை அண்மையில் நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஐயமின்றிக் காட்டிவிட்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைக் கொண்டு 'ரேஷன்ஸ்' என்னும் பெயரால் அது நடந்தது. 2023இல் முடிவுகள் வெளிவந்தன. எல்லா நோயாளிகளுக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் தரப்பட்டது. பாதிக் குடும்பங்களில் உடன் வாழ்வோர்க்கும், தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில், பெறாத குடும்பங்களைவிடப் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சளியில் கிருமி காணும் நுரையீரல் நோய் 48 பங்கு குறைந்தது. நோயாளிகளுள்ளும், முதல் இரண்டு மாதத்தில் தம் எடையில் நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்க்கு இறக்கும் அபாயம் 61 பங்கு குறைவாயிருந்தது.

ஒன்றரைக் கிலோ பருப்பு! புதிய மருந்தன்று; புதிய கருவியன்று. எந்தக் கூட்டுறவுப் பண்டகசாலையிலும் கிடைக்கும் பொருள். வைத்திய சாஸ்திரத்தின் மிகப் புதிய செய்திகளுள் ஒன்று, நம் உழவர் விளைவிக்கும் துவரையைப் பற்றியதாக இருப்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இன்றைய நிலை

இன்று நோயைக் கண்டறியும் முறை மிகவும் முன்னேறியுள்ளது. முன்பு நுண்பெருக்கியின் கீழ்ச் சளியைப் பார்த்துக் கிருமியைத் தேடினர். பல கிருமிகள் கண்ணுக்குத் தப்பின. இப்போது கிருமியின் மரபணுவையே கண்டறியும் கருவிகள் வந்துள்ளன. நம் நாட்டிலேயே, கோவாவில், உருவான ட்ரூநாட் என்னும் கருவியும் அவற்றுள் ஒன்று. சில மணி நேரத்தில் நோய் உண்டா என்பதோடு, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதும் தெரிந்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காத நோய்க்கும் ஊசியின்றி ஆறு மாதத்தில் முடியும் புதிய மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. 2024இல் இந்திய அரசும் அதனை ஏற்றது. எங்கள் அங்கத்தினர்க்கு அது காலம் கடந்து வந்தது.

இத்தனை இருந்தும், 2023ஆம் ஆண்டில் உலகில் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர்க்குக் காசநோய் கண்டது. பன்னிரண்டரை இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோய் கண்டவருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் நம் நாட்டவர். மருந்து இருந்தும் மாள்வதேன்? நோய் தாமதமாகத் தெரிவது ஒன்று. பாதியில் மருந்தை விடுவது ஒன்று. உடல் மிக நலிந்தபின் வைத்தியரிடம் வருவது ஒன்று. காசநோயால் இறப்பவரில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். இதனை உணர்ந்து 2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. நோய் கண்டவுடன் செவிலியர் அவரது எடையையும் உயரத்தையும் அளக்கிறார், மூச்சை எண்ணுகிறார், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைப் பார்க்கிறார், துணையின்றி எழுந்து நிற்க இயலுமா என்று கேட்கிறார். மிக நலிந்தவர் எனின், வீட்டிற்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கின்றனர். வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோர்க்கு ஏற்றது, எல்லோர்க்கும் அன்று. அந்தச் சிலரை முதல் நாளிலேயே பிரித்தறிவதற்கு வேண்டுவன எடைக்கருவியும் கடிகாரமும் விரலில் மாட்டும் சிறு கருவியும் கனிந்த நெஞ்சமுமே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

வைத்தியர் செய்யவேண்டியதை வைத்தியர் செய்வார். சங்கம் மருந்து கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. சங்கம் செய்யத்தக்க காரியங்கள் வேறு.

முதலாவது, கேட்பது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது காணினும் சளிப் பரிசோதனைக்குச் செல்லுமாறு தூண்டவேண்டும். நூல் தூசியால் வந்த இருமலா, காச இருமலா என்பதைத் தெருவில் நின்று முடிவு செய்ய இயலாது. பஞ்சாலைத் தூசியால் மார்பு இறுகும் நோயும் உண்டு. அதுவாயினும் வைத்தியர் பார்க்கவேண்டியதே. தொடர்ந்து உருப்படி கொண்டுவாராத அங்கத்தினரின் வீட்டிற்கு ஒரு குழு உறுப்பினர் நேரில் செல்வது என்று வழக்கமாக்கினால், எத்தனையோ நோய்கள் மூன்று மாதம் முன்னதாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தறியையும் நிலத்தையும் காப்பது. மருந்துண்ணும் அங்கத்தினர் வேலைக்குத் திரும்பும்வரை அவருடைய பாவு வேறொருவர்க்குப் போய்விடாது என்னும் உறுதி வேண்டும். முதல் இரண்டு மாதத்திற்கு வட்டியில்லாத முன்பணம் தந்து, பின்னர் கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். உழவராயின் பயிர்க்கடன் தவணைக்கு விதிகளுக்குட்பட்டு அவகாசம் பெற்றுத்தரலாம். நடவுக்கும் அறுவடைக்கும் அக்கம்பக்கத்தார் முறைவைத்து உதவலாம். எங்கள் அங்கத்தினர் மருந்தை விட்டது அறியாமையால் அன்று, கடனுக்கு அஞ்சியே.

மூன்றாவது, உணவு. அரசாங்கம் 2018 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் மாதம் 500 ரூபாய் உணவுக்கென வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. அது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததா என்று பார்த்துக் கொடுப்பதே ஓர் உதவி. அதற்கு மேல் பருப்பும் நிலக்கடலையும் முட்டையும் பாலும் நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பம் முழுமைக்கும் போதுமாறு அளிக்கவேண்டும். ஏழை வீட்டில் ஒருவர்க்கென்று தந்த முட்டை பிள்ளைகளின் இலைக்கே போகும். 2022இல் மத்திய அரசு தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டின்படி, கூட்டுறவுச் சங்கங்களும் நோயாளிகளுக்கு உணவளிக்கும் பொறுப்பை முறையாக ஏற்கலாம்.

நான்காவது, துணை. நோயாளி தாமே விரும்பித் தேர்ந்துகொள்ளும் ஒருவர், நாள்தோறும் மாத்திரை உண்டதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். குமட்டலோ, கண் மஞ்சளிப்பதோ, பார்வை மங்குவதோ காணின் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நீரிழிவு உடையவராயின் அதனையும் கட்டுக்குள் வைக்கச் செய்யவேண்டும்; புகையும் மதுவும் விடச் செய்யவேண்டும்.

ஐந்தாவது, குடும்பத்தாரின் பரிசோதனை. நோய் இல்லையென்று தெரிந்த குடும்பத்தார்க்கும் நோய் வாராமல் தடுக்கும் மருந்து கொடுக்கலாம் என்பது 2021 முதல் நம் நாட்டின் கொள்கை. பலர் இதனை அறியார்.

பணத்திற்கு எங்கே போவது?

இவ்விடத்தில் கணக்குப் பார்க்கும் அன்பர்கள் குறுக்கிடுவர். அவர்கள் குறுக்கிடுவதே முறை. கணக்கில்லாத கருணை கூட்டுறவுக்கு ஆகாது. நாம் கணக்கே பார்ப்போம். 200 அங்கத்தினர் உள்ள சங்கம் ஒன்று. குடும்பத்திற்கு நால்வர் என 800 பேர். 2023இல் நம் நாட்டில் இலட்சம் பேர்க்கு 195 பேர் என்னும் அளவில் நோய் புதிதாகக் கண்டது. அந்த அளவின்படி 800 பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர்க்கு நோய் காணலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 10 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். இரு குடும்பங்களுக்கு ஆறு மாதம், மாதம் 2,000 ரூபாய் வீதம் உணவளிக்க அது போதும். நோய் காணாத ஆண்டில் நிதி வளரும். இது தருமமன்று, ஒருவர்க்கொருவர் ஈடு நிற்பது. கடனுக்கு ஈடு நிற்க நாம் அஞ்சுவதில்லை. உயிருக்கு ஈடு நிற்க ஏன் அஞ்சவேண்டும்?

அரசாங்கம் செய்யவேண்டியதைச் சங்கம் ஏன் சுமக்கவேண்டும் என்பது மற்றோர் ஆட்சேபணை. அரசாங்கத்தின் கடமையை நான் ஒரு சிறிதும் குறைத்துக் கூறவில்லை. மருந்து இடையறாது கிடைப்பதும், பரிசோதனைக் கருவி பழுதின்றி இயங்குவதும், செவிலியர் இடங்கள் காலியின்றி நிரம்புவதும் அரசாங்கத்தின் பொறுப்பே. அவை தவறினால் சங்கம் வாய்திறந்து கேட்கவும் வேண்டும். ஆனால் தறி நின்றதை அரசாங்கம் அறியாது. அடுத்த வீட்டார் அறிவர். அந்த அறிவு சங்கத்திடம் உள்ள மூலதனம்.

மூன்றாவது ஆட்சேபணையே மிகக் கனமானது. சங்கத்திற்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வாராது என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வீணன்று. காசநோய் கண்ட மருமகளைப் பிறந்தகம் அனுப்பிய வீடுகளை நாம் அறிவோம். ஆதலின் இரகசியம் காப்பது இத்திட்டத்தின் உயிர்நாடி. பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறக்கூடாது. தலைவர், காரியதரிசி, நோயாளி தேர்ந்த துணைவர் ஆகிய மூவர்க்கு மேல் தெரியவேண்டியதில்லை. ஏட்டில் 'உடல்நல உதவி' என்று எழுதினால் போதும். அதே சமயத்தில், இந்நோய் காற்று வழியே பரவுவது, பாத்திரத்தாலும் துணியாலும் அன்று; மருந்துண்பவரை ஒதுக்கத் தேவையில்லை; முழுதும் குணமாகும் நோய் இது என்பனவற்றைப் பேரவைக் கூட்டந்தோறும் எடுத்துரைக்கவேண்டும். பாவு இழை உலர்ந்து அறாதிருக்கச் சன்னலை அடைத்து நெய்யும் வழக்கம் உடையோர், நெய்யாத நேரத்திலேனும் அவற்றைத் திறந்து வைக்கவேண்டும்.

முடிவுரை

மருந்தைக் கண்டவர்கள் தங்கள் கடனை முடித்தார்கள். எத்தனை நாள், எவ்விடத்தில், எவ்வாறு கொடுப்பது என்பதைச் சென்னையில் ஆராய்ந்தவர்கள் தங்கள் கடனை முடித்தார்கள். ஆஸ்பத்திரி வாயிலிலிருந்து நோயாளியின் வீட்டு வாயில் வரையிலுள்ள தொலைவு எஞ்சியிருக்கிறது. அங்கே எந்த விஞ்ஞானியும் நமக்காக வரமாட்டார். அங்கே நடக்கவேண்டியவர்கள் நாம்.

வருகின்ற பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானத்தை ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உருப்படி வாராத வீட்டிற்கு நேரில் செல்வது, மருந்துண்ணும் ஆறு மாதமும் அங்கத்தினரின் பாவைக் காப்பது, மாதம் பத்து ரூபாய் நிதி தொடங்குவது என்னும் மூன்று வரிகள் அதில் இருந்தால் போதும். எங்கள் சங்கம் சென்ற கூட்டத்தில் இதனை நிறைவேற்றிவிட்டது. அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தவர், இன்று தறியில் அமர இயலாத அந்த அங்கத்தினரே.